3 கே.வி.ஏ ஆன்லைன் யு.பி.எஸ்: நிமிடக் கணக்கை அப்புறம் பார்க்கலாம், முதலில் வோல்டேஜ்

எங்கள் அலுவலகத்தின் சர்வர் அறைக்கு 3 கே.வி.ஏ (வோல்ட்டையும் ஆம்பியரையும் பெருக்கினால் 3,000 வருகிற அளவு) ஆன்லைன் யு.பி.எஸ் ஒன்று வாங்கி மாட்டியிருக்கிறோம். சர்வர்களை அடுக்கும் ரேக்கில் இரண்டு யூனிட் உயரம் பிடிக்கும், 2,700 வாட் வரை தாங்கும், உள்ளே 12 வோல்ட் 9 ஆம்பியர்-அவர் பேட்டரி ஆறு இருக்கின்றன. அந்த அறையைப் பார்த்துக்கொள்வது என் வேலை என்பதால் பெட்டியைத் தேர்ந்தெடுத்ததும் நான்தான். முதலிலேயே சொல்லிவிடுகிறேன், எனக்கு நன்றாகப் பிடித்திருக்கிறது. ஆனால் பேக்கப் நேரத்துக்காக இல்லை. எங்கள் அறைக்கு வருகிற வோல்டேஜோடு இது ஒத்துப்போகிறது, அதற்காகத்தான். யு.பி.எஸ் வாங்கப் போகிறவர்கள் "எத்தனை நிமிஷம் நிற்கும்" என்று கேட்கிறார்களே தவிர, "என் அறையில் வருகிற கரண்ட்டுக்கு இது சரிப்படுமா" என்று கேட்பவர்கள் குறைவு. அதனால் அதைப் பற்றியே அதிகம் எழுதுகிறேன். நிறுவனத்தின் பெயரைச் சொல்லவில்லை. இதே அமைப்பில் பல நிறுவனங்கள் பெட்டி செய்கின்றன, நான் சொல்வதில் பெரும்பகுதி அவற்றுக்கும் பொருந்தும்.

அறையின் நிலவரத்தைச் சொன்னால்தான் மற்றது புரியும். வருவது ஒற்றை ஃபேஸ், 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். காகிதத்தில் அப்படி. ட்ரூ ஆர்.எம்.எஸ் (அலை கோணலாக இருந்தாலும் சரியாக அளக்கும்) மல்டிமீட்டரை சாக்கெட்டில் வைத்துப் பார்த்தால் காலையில் 221, மதியம் ஏ.சி.யெல்லாம் முழுமூச்சாக ஓடும்போது 196, நள்ளிரவு தாண்டியபின் 251. 230 வோல்ட் வழங்கும் நாடுகளில் பத்து சதவீதம் கூடக் குறைய இருக்கலாம் என்பது பரவலாக உள்ள விதி. ஐரோப்பியத் தரமான இ.என். 50160-யும் அதைத்தான் சொல்கிறது. அந்தக் கணக்கில் 207-க்கும் 253-க்கும் நடுவில் எது வந்தாலும் மின்வாரியத்தின் மேல் குற்றமில்லை. எங்களுக்கு மேல் பக்கம் சரியாக இருந்தது, கீழ்ப்பக்கம்தான் இடித்தது.

அதே மதிய நேரத்தில் மெயின் போர்டில் மீட்டரை வைத்தோம். அங்கே 209 வந்தது. அதாவது வெளியிலிருந்து வருவது பரவாயில்லை, போர்டிலிருந்து அறைக்கு வருவதற்குள் 13 வோல்ட் கம்பியிலேயே கரைந்துபோகிறது. 2.5 சதுர மில்லிமீட்டர் கம்பி, நாற்பது மீட்டருக்கு மேல் நீளம், அதே லைனில் அறையின் ஏ.சி.யும் தொங்குகிறது. அப்புறம் எப்படி வோல்டேஜ் நிற்கும்? எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு யு.பி.எஸ்ஸுக்கு மட்டும் தனியாக 4 சதுர மில்லிமீட்டர் கம்பி இழுத்து, 16 ஆம்பியர் பிரேக்கர் போட்டோம். இப்போது மதியத்தில் சாக்கெட்டிலும் 207 வருகிறது. யு.பி.எஸ் விமர்சனத்தில் கம்பிக்கு என்ன வேலை என்று தோன்றலாம். வயரிங்கில் உள்ள குறையை யு.பி.எஸ்ஸின் தலையில் கட்டினால் அது பேட்டரியைத் தின்றுதான் ஈடுகட்டும். எவ்வளவு நல்ல பெட்டியாக இருந்தாலும் இதுதான் நிலைமை.

முன்பு இருந்தது லைன் இன்டராக்டிவ் வகை. அதற்குள் ஒரு ஆட்டோ டிரான்ஸ்ஃபார்மரும் ரிலேக்களும் (தானாக மாறும் மின் சுவிட்சுகள்) இருக்கும். வோல்டேஜ் குறைந்தால் ஒரு படி ஏற்றித் தரும், கூடினால் ஒரு படி இறக்கித் தரும். அந்தப் படி பொதுவாகப் பத்துப் பன்னிரண்டு சதவீதம். 196 உள்ளே போனால் 220-க்குக் கிட்டே வெளியே வரும். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. தொல்லை எங்கே என்றால், அறையின் வோல்டேஜ் படி மாறும் புள்ளியை ஒட்டியே ஊசலாடும்போதுதான். ஏ.சி. கம்ப்ரசர் ஒவ்வொரு முறை எடுக்கும்போதும் "டக்" என்று ஒரு சத்தம், நின்றதும் இன்னொரு "டக்". கம்ப்ரசர் எடுக்கிற நொடியில் விழுகிற வோல்டேஜ் சில சமயம் கீழ் எல்லையையே தாண்டிவிடும். உடனே பெட்டி பேட்டரிக்குப் போய், சில நொடியில் திரும்பி வரும். கரண்ட் போகவே இல்லை, ஆனால் பேட்டரி நாள் முழுக்க வேலை செய்துகொண்டிருக்கும். மூடிய லெட்-ஆசிட் பேட்டரிக்கு இது ஆகாது. நல்ல நிலையில் மூன்றிலிருந்து ஐந்து வருடம் உழைக்க வேண்டியவை, அதற்கு வெகு முன்பே பக்கவாட்டில் உப்பிப்போய், வெளியே இழுக்க முடியாமல் மாட்டிக்கொண்டன.

புதிய பெட்டி இரட்டை மாற்று வகை, ஆன்லைன் என்று சொல்வது இதைத்தான். வருகிற மாறுதிசை மின்சாரத்தை டி.சி.யாக்கி (நேர்திசை மின்சாரம்), அந்த டி.சி.யிலிருந்து புதிதாக மாறுதிசை மின்சாரம் செய்து வெளியே அனுப்புகிறது. எந்நேரமும் இப்படித்தான். அதனால் உள்ளே வருவது எப்படி ஆடினாலும் வெளியே போவது அசையாது. மீட்டர் இரண்டை எடுத்து, ஒன்றை உள்ளே வரும் பக்கமும் இன்னொன்றை வெளியே போகும் பக்கமும் மாட்டி, அறையைக் குளிர்விக்கும் ஏ.சி.யைப் போடச் சொன்னேன். உள்ளே 207 ஒரு நொடி 201-க்கு இறங்கி 206-க்கு வந்தது. வெளியே 230, 230, 230. ரிலே சத்தம் இல்லை, பேட்டரி விளக்கு மினுங்கவும் இல்லை. எனக்கு வேண்டியிருந்தது இதுதான்.

பெட்டியின் விவரப் பட்டியலில் நீங்கள் தேட வேண்டிய வரி "இன்புட் வோல்டேஜ் ரேஞ்ச்". எங்கள் பெட்டிக்கு முழு லோடில் 176 முதல் 276 வோல்ட் வரை பேட்டரியைத் தொடாமல் ஓடும் என்று போட்டிருக்கிறது. பாதி லோடுக்குக் கீழே இருந்தால் 120 வரை இறங்கலாம். விளம்பரத்தில் பெரிதாகப் போடுவது அந்த 120-ஐத்தான். முழு லோடுக்கான எண் கையேட்டின் பின்பக்கத்தில் சின்ன எழுத்தில் இருக்கும். அதைத் தேடிப் படியுங்கள். லோடு கூடக்கூட எல்லை சுருங்குவதற்குக் காரணம் எளிது. வெளியே தர வேண்டிய வாட் மாறுவதில்லை, உள்ளே வோல்டேஜ் குறைந்தால் ஆம்பியரைக் கூட்டித்தான் அந்த வாட்டை இழுக்க முடியும். 2,700 வாட் வெளியே கொடுக்க, உள்சேதாரம் சேர்த்துச் சுமார் 3,000 வாட் உள்ளே வாங்கும் என்று வைத்துக்கொள்வோம். 230 வோல்ட்டில் அது 13 ஆம்பியர். 190 வோல்ட்டில் கிட்டத்தட்ட 16 ஆம்பியர், அதாவது எங்கள் பிரேக்கரின் விளிம்பு. பேட்டரியும் அதே நேரம் சார்ஜ் ஆகிக்கொண்டிருந்தால் விளிம்பைத் தாண்டிவிடும். வோல்டேஜ் குறைவாக வரும் அறையில் யு.பி.எஸ்ஸை முழுக்க நிரப்பாதீர்கள் என்று அனுபவமுள்ளவர்கள் சொல்வது இதற்காகத்தான். நாங்கள் 900 வாட்டுக்கு மேல் ஏற்றுவதில்லை.

வெளியே போகும் வோல்டேஜை 208, 220, 230, 240 என்று நான்கில் ஒன்றாக வைத்துக்கொள்ளலாம். முன்பக்கத் திரையில் மெனு இருக்கிறது, ஆனால் அவுட்புட் அணைந்திருக்கும்போதுதான் மாற்ற விடும். ஓடுகிற சர்வர்களின் கீழ் யாராவது தெரியாமல் மாற்றிவிடக்கூடாது என்பதற்கான ஏற்பாடு, நல்லதுதான். ஆகவே சர்வர்களை மாட்டுவதற்கு முன்பே இதை முடித்துவிடுங்கள். நாங்கள் 230-ல் வைத்திருக்கிறோம். 208-ல் வைத்தால் 2,700 வாட் 2,400 ஆகக் குறையும் என்று கையேடு சொல்கிறது. நியாயமான கணக்கு. பெட்டிக்குள் டி.சி.யை மறுபடி மாறுதிசை மின்சாரமாக்கும் இன்வெர்ட்டர் தரக்கூடிய ஆம்பியருக்கு ஓர் உச்சம் உண்டு, வோல்டேஜைக் குறைத்தால் பெருக்கி வருகிற வாட்டும் குறையத்தான் செய்யும்.

யாருக்கு 208 தேவைப்படும் என்று கேட்டால், வட அமெரிக்காவில் மூன்று ஃபேஸ் வருகிற கட்டடங்களில் இருப்பவர்களுக்கு. அங்கே ஃபேஸுக்கும் நியூட்ரலுக்கும் இடையே 120 வோல்ட், இரண்டு ஃபேஸ்களுக்கு இடையே அதன் 1.732 மடங்கு, அதாவது 208. வீடுகளில் வருவது வேறு. அங்கே 120 வோல்ட் கம்பி இரண்டு எதிரெதிராக வருவதால் நடுவில் 240 கிடைக்கும். இந்த இரண்டையும் ஒன்றாக நினைத்துப் பெட்டி வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள். 230-க்கு வைத்த லைன் இன்டராக்டிவ் பெட்டியை 208 அறையில் மாட்டினால், மாறும் புள்ளி எங்கே இருக்கிறது என்பதைப் பொறுத்து அது ஆயுள் முழுக்க ஏற்றித் தரும் நிலையிலேயே கிடக்கலாம். இன்னொன்றும் உண்டு. 208 ஆனாலும் 240 ஆனாலும் அங்கே இரண்டு கம்பியிலும் உயிர் இருக்கிறது, நியூட்ரல் என்று எதுவும் இல்லை. ஃபேஸ்-நியூட்ரல் முறைக்காகச் செய்த பெட்டியை அங்கே மாட்டினால், "நியூட்ரல்" என்று நாம் நினைக்கிற துளையில் எர்த்தோடு ஒப்பிட 120 வோல்ட் இருக்கும். சர்வர்களின் பவர் சப்ளை பெரும்பாலும் 100 முதல் 240 வரை எதையும் ஏற்கும், அதற்கு இது பொருட்டில்லை. மனிதக் கைக்குப் பொருட்டுண்டு. இரண்டு கம்பியையும் சேர்த்து வெட்டுகிற பிரேக்கர் கட்டாயம் வேண்டும்.

120 வோல்ட் அறை என்றால் கணக்கே வேறு. அதே 3 கே.வி.ஏ-வுக்கு அங்கே 25 ஆம்பியர் வேண்டும். அங்கே சாதாரண சுவர் சாக்கெட் 15 ஆம்பியர், தொடர்ந்து ஓடும் லோடுக்கு அதில் எண்பது சதவீதம்தான் எடுக்க வேண்டும் என்பது அங்குள்ள விதி. பன்னிரண்டு ஆம்பியரை 120-ஆல் பெருக்கினால் 1,440. 1,500 என்று பெயர் வைத்து விற்கிற 120 வோல்ட் பெட்டிகளில் பலவற்றின் லேபிளில் 1,440 வி.ஏ என்று இருப்பதன் ரகசியம் இதுதான். அதற்கு மேல் வேண்டுமென்றால் 20 அல்லது 30 ஆம்பியருக்கான தனி சாக்கெட்டும் தனி லைனும் போட வேண்டும். பெட்டியை வரவழைத்தபின் அதன் பிளக் சுவரில் நுழையவில்லை என்று நிற்பவர்களைப் பார்த்திருக்கிறேன். பிளக்கின் வடிவம் மாறியிருக்கிறது என்றால் வோல்டேஜோ ஆம்பியரோ மாறியிருக்கிறது என்று அர்த்தம். அடாப்டர் போட்டு ஏமாற்றுகிற விஷயம் அல்ல அது.

அதே வாட்டுக்கு வோல்டேஜ் இரு மடங்கானால் ஆம்பியர் பாதியாகும், ஒரே கம்பியில் சூடாக வீணாவது நான்கில் ஒரு பங்காகக் குறையும். பெரிய சர்வர் பவர் சப்ளைகள் பலவும் 200 வோல்ட்டுக்கு மேல் கொடுத்தால்தான் தங்கள் முழு வாட்டையும் தருகின்றன. 120-ம் 208-ம் இரண்டும் கிடைக்கிற அறை உங்களுடையது என்றால், நான் யோசிக்காமல் 208-ஐத்தான் எடுப்பேன்.

இனி இந்தப் பெட்டியில் எனக்குப் பிடிக்காதவை.

முதல் குறை பைபாஸ். யு.பி.எஸ்ஸில் கோளாறு வந்தாலோ, லோடு அளவுக்கு மீறினாலோ, வருகிற மின்சாரத்தை அப்படியே வெளியே அனுப்பிவிடும் வழி இது. தேவையான வழிதான். ஆனால் அந்த நேரத்தில் யு.பி.எஸ் வெறும் கம்பி. சுவரில் 260 வந்தால் சர்வருக்கும் 260. எங்கள் பெட்டியில் பைபாஸுக்கான மேல் எல்லை வரும்போதே 264-ல் இருந்தது. நான் 253-க்கு இறக்கினேன். அதற்கு மேல் போனால் பைபாஸில் அனுப்பாது, நின்றுவிடும். எங்கள் வேலைக்கு அது பரவாயில்லை. ஒரு நிமிடம்கூட நிற்கக்கூடாத இடம் என்றால் நீங்கள் வேறு மாதிரி முடிவெடுக்கலாம். எனக்குக் கோபம் எதில் என்றால், இவ்வளவு முக்கியமான அமைப்பை மெனுவில் கடைசிக்கு முந்தின பக்கத்தில், மூன்றெழுத்துச் சுருக்கமாக ஒளித்து வைத்திருக்கிறார்கள். கையேடு இல்லாமல் அது என்னவென்றே தெரியாது.

இதே காரணத்தால், 60 ஹெர்ட்ஸ் நாட்டிலிருந்து கொண்டுவந்த சாதனத்துக்கு 50 ஹெர்ட்ஸ் அறையில் யு.பி.எஸ்ஸை அதிர்வெண் (ஹெர்ட்ஸ்) மாற்றியாகப் பயன்படுத்தலாம் என்று யாராவது சொன்னால் கவனமாக இருங்கள். ஆன்லைன் வகையில் அதற்கென்று தனி மோட் உண்டு, ஆனால் அதில் பைபாஸ் வேலை செய்யாது, தாங்கும் வாட்டும் குறையும். ஆஃப்லைன் (வருகிற மின்சாரத்தை அப்படியே கடத்தி, கரண்ட் போனால் மட்டும் பேட்டரிக்கு மாறும் எளிய வகை), லைன் இன்டராக்டிவ் வகைகளில் இது நடக்கவே நடக்காது.

இரண்டாவது, சூடும் சத்தமும். எந்நேரமும் இரண்டு முறை மாற்றிக்கொண்டே இருப்பதால் பத்து சதவீதம்போல் சூடாகப் போகிறது. 900 வாட் லோடுக்கு 100 வாட் சுமார். விசிறி ஓயாது. மேசைக்கு அடியில் வைத்துக்கொண்டு வேலை பார்க்க முடியாது. தனி அறை இருந்தால் மட்டும் வாங்குங்கள். ஈகோ (சிக்கன) மோட் ஒன்று இருக்கிறது, போட்டால் சத்தமும் செலவும் குறையும். ஆனால் அது பைபாஸிலேயே ஓட்டி, கரண்ட் போனால் மட்டும் இன்வெர்ட்டருக்கு வருகிற முறை. இந்தப் பெட்டியை எதற்காக வாங்கினோமோ அதையே விட்டுக்கொடுப்பது போலாகும். நான் அணைத்தே வைத்திருக்கிறேன்.

பேக்கப் நேரத்தைச் சுருக்கமாகச் சொல்கிறேன். 900 வாட்டில் கால் மணி நேரத்துக்குச் சற்று மேல், முழு லோடில் சில நிமிடங்கள்தான். சர்வர்களை ஒழுங்காக மூடவோ, ஜெனரேட்டர் எடுக்கவோ போதும். ஜெனரேட்டர் எடுத்ததும் சில நொடிகள் வோல்டேஜும் ஹெர்ட்ஸும் நிலையாக இருக்காது. பழைய பெட்டி அந்த மின்சாரத்தை ஏற்க மறுத்து பேட்டரியிலேயே நின்றுவிடும். இது தயக்கமில்லாமல் ஏற்றுக்கொள்கிறது.

வீட்டில் ஒரு கம்ப்யூட்டர், ஒரு ரவுட்டர், வோல்டேஜும் 220-க்கும் 240-க்கும் நடுவில் அமைதியாக வருகிறது என்றால் இந்த வகை உங்களுக்கு வேண்டாம். லைன் இன்டராக்டிவே போதும். அது பேட்டரிக்கு மாற எடுக்கிற நேரம் பத்து மில்லி நொடிக்குள் இருக்கும். நல்ல கம்ப்யூட்டர் பவர் சப்ளை பதினாறு மில்லி நொடி அளவுக்கு மூச்சைப் பிடித்துக்கொள்ளும். ஆனால் அவுட்புட் வழவழப்பாக ஏறி இறங்கும் தூய சைன் அலைதானா என்று பாருங்கள். ஆக்டிவ் பி.எஃப்.சி. (மின்சாரத்தைச் சீராக இழுக்க வைக்கும் சுற்று) உள்ள பவர் சப்ளைகள் சில, படிக்கட்டு அலையைப் பார்த்தால் முரண்டு பிடிக்கும்.

யு.எஸ்.பி. வழியாக சர்வரோடு இணைத்து, நெட்வொர்க் யு.பி.எஸ் டூல்ஸ் என்ற இலவச மென்பொருளைப் போட்டிருக்கிறேன். கரண்ட் போனால் சர்வரை மூடுவதற்கு என்றுதான் எல்லோரும் போடுவார்கள். எனக்கு அதைவிட உபயோகமாக இருப்பது, உள்ளே வருகிற வோல்டேஜை அது இடைவிடாமல் பதிந்து வைப்பது. மல்டிமீட்டரோடு இரவில் உட்கார முடியாது. பதிவைப் பார்த்தால் ஞாயிற்றுக்கிழமை விடிகாலையில் கட்டடமே காலியாக இருக்கும்போது வோல்டேஜ் உச்சத்துக்குப் போவது வரைபடமாகத் தெரிகிறது.

ஒரு விஷயத்தில் மட்டும் எந்த யு.பி.எஸ்ஸையும் நம்பிவிடாதீர்கள். மூன்று ஃபேஸ் வருகிற கட்டடத்தில் நியூட்ரல் கழன்றால், ஒற்றை ஃபேஸ் லைனில் 230 இருந்த இடத்தில் 400-ஐ நெருங்கி வரக்கூடும். 276 வரை தாங்கும் பெட்டி பேட்டரிக்கு மாறிக்கொள்ளும்தான், ஆனால் அதன் நுழைவாயிலில் இருக்கும் பாகங்கள் அந்த 400-ஐ வாங்கிக்கொண்டுதான் நிற்கும். போர்டில் ஓவர் வோல்டேஜ் ரிலே போட்டு, அதை வெட்டிவிடுவதுதான் வழி. நாங்கள் புதிய லைன் இழுத்தபோதே சேர்த்துப் போட்டுவிட்டோம்.

அடுத்து வெளிப்புற பேட்டரி பேக் ஒன்று சேர்க்கப் போகிறோம். அங்கேயும் இதே பொருத்தம் பார்க்க வேண்டியிருக்கிறது. எங்கள் பெட்டியின் உள்ளே ஆறு பேட்டரி வரிசையாக இருப்பதால் டி.சி. பக்கம் 72 வோல்ட். அதே 3 கே.வி.ஏ-வில் எட்டு பேட்டரி வைத்து 96 வோல்ட்டில் ஓடுகிற பெட்டிகளும் உண்டு, பின்பக்க கனெக்டர் இரண்டுக்கும் ஒரே மாதிரி இருக்கலாம். பேக்கின் லேபிளில் 72 என்று இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் வாங்க வேண்டும். உள்ளே இருக்கிற சார்ஜர் ஒரு ஆம்பியர்தான். இப்போதே காலியான பேட்டரி நிரம்ப ஓர் இரவு ஆகிறது. பேக்கைச் சேர்த்தால் இன்னும் இழுக்கும். அதனால் தனக்கென்று சொந்த சார்ஜர் உள்ள பேக்காகப் பார்த்து வாங்க இருக்கிறேன்.